சைரனுக்கு முன்பே முடிவாகிவிடும் வெடி

மலேசியாவின் செமினி, காஜாங், ரவாங் வட்டாரத்தில் கருங்கல் குவாரிக்குப் பக்கத்துத் தாமான்களில், அதாவது குடியிருப்புப் பேட்டைகளில், வசிப்பவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. மத்தியானம் சைரன் ஊதும். சற்று நேரத்தில் தரை ஒரு உதறு உதறும். இரண்டு மூன்று வினாடி கழித்துச் சன்னல் கண்ணாடிகள் கிடுகிடுக்கும். அடுத்தடுத்து இரண்டு வெடி வைத்துவிட்டார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வெடி ஒன்றுதான். பாறை வழியாக வரும் அதிர்வு வினாடிக்குச் சில ஆயிரம் மீட்டர் பாய்கிறது. காற்று வழியாக வரும் அழுத்தத்தின் வேகம் 340 மீட்டர்தான். குவாரி ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று வினாடி இடைவெளி விழும்.

அடுத்த கேள்வி எப்போதும் சுவர் விரிசலைப் பற்றியதாகவே இருக்கும். தரை அதிர்வைத் துகள்வேகத்தால் அளக்கிறார்கள். அதாவது, அலை கடக்கும்போது தரை அசைகிற உச்ச வேகம், வினாடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று. மனித உடம்பு மிகக் கூர்மையான கருவி. 1 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தாலே உணர்ந்துவிடும். குடியிருப்புக்கு அருகே உள்ள குவாரிகள் இங்கே பொதுவாக 5-ஐத் தாண்டக்கூடாது என்று வேலை செய்கின்றன. அமெரிக்கச் சுரங்கப் பணியகம் 1980-இல் வெளியிட்ட ஆய்வு, வினாடிக்குக் குறைந்த தடவை ஆடும் அதிர்வுகளில் பழைய சாந்துச் சுவருக்கு 12.7, பலகைச் சுவருக்கு 19, அதிகத் தடவை ஆடும் அதிர்வுகளில் 50 வரை என எல்லை வகுத்தது. ஆகவே உணர்ந்ததெல்லாம் சேதம் அல்ல. ஆனால் இதைச் சொல்லி மக்களின் புகாரைத் தள்ளிவிடுவது நியாயமில்லை. அதிர்வுமானி குவாரி வாசலில் இருந்ததா, புகார் செய்தவர் வீட்டு ஓரத்தில் இருந்ததா? தரையில் அழுந்தப் பதித்து மணல் மூட்டை வைத்து அமர்த்தினார்களா, சிமெண்டுத் தரைமேல் சும்மா வைத்துவிட்டார்களா? சும்மா வைத்த கருவி தானே துள்ளித் தப்பான எண்ணைக் காட்டும். குவாரி தொடங்கும் முன்பே சுற்றுப்புற வீடுகளின் விரிசல்களைப் படம் எடுத்து வைத்திருந்தால் பாதி வழக்குகள் வராமலே போயிருக்கும்.

ஒரு துளையின் கணக்கு

வெடி வைப்பவரின் வேலை பொத்தானை அழுத்துவது என்றே வெளியில் இருப்பவர்கள் எண்ணுகிறார்கள். அந்த நேரத்தில் அவரால் செய்யக்கூடியது ஒன்றுமே மிச்சமில்லை. துளை போட்ட அன்றும், வெடிமருந்து நிரப்பிய அன்று காலையிலும் அளவுநாடா என்ன சொன்னதோ, அதுதான் இப்போது நடக்கப்போகிறது.

கருங்கல் குவாரியில் பாறையைப் படிபடியாக வெட்டிக்கொண்டு போவார்கள். ஒரு படியின் உயரம் 10 மீட்டர், துளையின் விட்டம் 89 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். படியின் திறந்த முகப்புக்கும் முதல் வரிசைத் துளைக்கும் நடுவே உள்ள பாறையின் கனத்தை பர்டன் என்பார்கள். அது 3 மீட்டர். பக்கத்துப் பக்கத்துத் துளைகளுக்கு இடைவெளி 3.5 மீட்டர். அடிப்பாறை மேடாக நின்றுவிடாமல் இருக்கத் துளையைப் படியின் அடிமட்டத்துக்கும் கீழே 0.8 மீட்டர் கூடுதலாக, மொத்தம் 10.8 மீட்டர் தோண்டுவார்கள். ஆக, ஒரு துளை உடைக்க வேண்டியது 3 × 3.5 × 10, அதாவது 105 கனமீட்டர். கருங்கல்லின் எடைக்கு ஏறத்தாழ 278 டன்.

இந்த விட்டமுள்ள துளையில் எமல்ஷன் எனப்படும் குழம்பு வடிவ வெடிமருந்து மீட்டருக்குச் சுமார் 7 கிலோ பிடிக்கும். மேலே 2.5 மீட்டர் மருந்தில்லாமல் விட்டு, மிச்சத்தை நிரப்பினால் ஒரு துளைக்கு 59 கிலோ அளவில் வரும். கனமீட்டருக்கு அரைக்கிலோ சொச்சம். கருங்கல்லுக்கு இது வழக்கமான விகிதம்தான்.

முப்பது நாற்பது துளைகள் ஒன்றாக வெடித்தால் தாமான் தாங்காது. அதனால் ஒவ்வொரு துளைக்கும் சில மில்லிவினாடி வித்தியாசம் வைக்கிறார்கள். 17, 25, 42 என்பவை வழக்கமான இடைவெளிகள். எட்டு மில்லிவினாடிக்குள் வெடிக்கும் மருந்து எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வெடியாகக் கணக்கிடுவது தொழில் வழக்கு. அதிர்வை நிர்ணயிப்பது மொத்த மருந்து அல்ல, அந்த எட்டு மில்லிவினாடி மருந்துதான்.

சராசரிப் பாறைக்கு ஆஸ்திரேலியத் தரநிலை தரும் சூத்திரப்படி, 59 கிலோ தனித்து வெடித்தால் 300 மீட்டர் தள்ளியுள்ள வீட்டில் 3.2 மில்லிமீட்டர் வரும். 200 மீட்டரில் 6.2. இப்போது இரண்டு துளைகள் தவறுதலாக ஒரே நேரத்தில் போய்விட்டன என்று வையுங்கள்: 118 கிலோ. 300 மீட்டர் வீட்டிலேயே 5.6 ஆகிவிடுகிறது, எல்லை தாண்டிவிட்டது. மருந்து இரட்டித்தால் அதிர்வு இரட்டிப்பதில்லை, 1.74 மடங்கு ஆகிறது. ஆனால் அந்த முக்கால் மடங்கே புகாருக்குப் போதும். மருந்தை வெடிக்கத் தூண்டும் சிறு கருவி டிட்டனேட்டர். அதன் பழைய வகைகளில் தாமதம் தருவது எரியும் ஒரு கலவை; அது எரியும் நேரத்தில் ஏற்ற இறக்கம் உண்டு. மின்னணு டிட்டனேட்டரை ஒரு மில்லிவினாடி துல்லியத்துக்கு நிரல் செய்யலாம். விலை அதிகம் என்று சில குவாரிகள் தயங்குகின்றன. வீடுகள் 300 மீட்டருக்குள் வந்துவிட்ட இடத்தில் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை என்பதே எங்கள் கருத்து. அதுவும் போதாத இடத்தில் ஒரே துளைக்குள் மருந்தை இரண்டு அடுக்காகப் பிரித்து, நடுவில் ஜல்லி போட்டு, இரண்டையும் வெவ்வேறு நேரத்தில் வெடிக்க விடுவார்கள்.

கல் ஏன் பறக்கிறது

அதிர்வு எரிச்சலூட்டும். ஆளைக் கொல்வது பறக்கும் கல். 2013-இல் ஜொகூர், மாசாய் ஸ்ரீ ஆலம் பகுதியில் குவாரி வெடியில் பறந்த கற்கள் வெளியே இருந்தவர்களைத் தாக்கி ஓர் உயிர் போனது. வெடிமருந்தின் வாயு எப்போதும் இளகிய வழியைத்தான் தேடும். 3 மீட்டர் பாறையைத் தள்ள அளந்து வைத்த மருந்து எங்காவது 1.5 மீட்டர் பாறையைச் சந்தித்தால், மிச்ச சக்தி முழுவதும் கல்லை வீசுவதற்குப் போகும்.

காகிதத்தில் 3 மீட்டராக இருக்கும் பர்டன் பாறையில் எப்படி ஒன்றரை ஆகிறது? முந்தைய வெடி முகப்பை ஓர் இடத்தில் குடைந்துவிட்டுப் போயிருக்கும். மேலே நின்று பார்த்தால் தெரியாது. வயிறு ஒட்டிய இடம் நடுவில் இருக்கும். லேசர் கருவியால் முகப்பை வருடி எடுத்தால்தான் அகப்படும். துளை சாய்ந்து போவது இன்னொரு காரணம். 10.8 மீட்டர் துளை மூன்று டிகிரி விலகினால் அடியில் அரை மீட்டருக்கு மேல் தள்ளிப்போய்விடும். மூன்றாவது, பாறைக்குள் களிமண் பட்டை. வாயு அதைக் கிழித்துக்கொண்டு வரும். துளை போடுபவருக்கு இது முதலிலேயே தெரியும்: கம்பி திடீரென்று இலகுவாக இறங்கும், வெளியே வரும் பொடி சாம்பல் நிறத்திலிருந்து செம்பழுப்பாக மாறும். எந்த ஆழத்தில் இது நடந்தது என்று அவர் குறித்து வைத்து வெடி வைப்பவரிடம் கொடுத்தால், அந்த இடத்தில் மருந்துக்குப் பதில் ஜல்லி போடலாம். துளைக்காரரின் குறிப்பேடு இல்லாமல் மருந்து நிரப்புவது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிற வேலை.

துளையின் வாயை அடைக்கும் ஜல்லியும் சின்ன விஷயம் அல்ல. துளை போட்டபோது வந்த பொடி பக்கத்திலேயே குவிந்து கிடக்கும். அதையே அள்ளிப் போட்டுவிட ஆசை வரும். பொடி நெகிழ்ந்து எகிறிவிடும். 10 மில்லிமீட்டர் அளவுள்ள முனை கூரான ஜல்லி ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு வாயுவைத் தடுக்கும். அடைப்பு குறைந்தால் கல் மேல்நோக்கிப் பறக்கும், சத்தமும் கூடும். காற்றழுத்தம் 140 டெசிபெல் அளவுக்குப் போனால்தான் கண்ணாடிக்கு ஆபத்து. 120-லேயே சன்னல் அதிரும், மக்கள் பயப்படுவார்கள்.

சுண்ணாம்புக்கல்லின் வஞ்சகம்

கோலாலம்பூரில் வெடி வைப்பதைத் தனிக் கலையாக ஆக்குவது நகரத்தின் அடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல். பத்துமலையை அறியாத மலேசியத் தமிழர் இல்லை. கோயில் குகையின் கூரையை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு நீர் இந்தக் கல்லை என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. அந்த மலையின் பக்கங்களில் பழைய குவாரி வெட்டுகள் இன்னும் தெரிகின்றன. 1980 வாக்கில் அங்கே கல் உடைப்பது நின்றது. நகரின் கீழே இதே கல் மண்ணுக்குள் புதைந்து, கூர்முனைகளும் பள்ளங்களும் குழிகளும் ஓடைகளுமாகக் கிடக்கிறது. எம்ஆர்டி நகர ரயிலின் காஜாங் தடத்தின் கோக்ரேன், மாலுரி நிலத்தடி நிலையங்களுக்குக் குழி பறித்தபோது இந்தக் கல்லைத்தான் கட்டுப்படுத்திய வெடிகளால் உடைத்தார்கள், சுற்றிலும் கடையும் வீடும் சாலையுமாக இருக்கையில்.

துளைக்குள் ஒரு பொந்து இருந்தால் என்ன ஆகும்? குழாய் வழியாகப் பாய்ச்சும் எமல்ஷன் கெட்டிக் குழம்புப் பதத்தில் இருக்கும். பொந்தைக் கண்டால் அங்கே ஒழுகிப் போய் நிரம்பும். 59 கிலோ போக வேண்டிய இடத்தில் 90 கிலோ போயிருக்கும், அதுவும் ஒரே இடத்தில் மூட்டையாக. மேலே இருப்பவர் கண்ணுக்கு எல்லாத் துளையும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்கும் கருவி, நுனியில் எடை கட்டிய ஓர் அளவுநாடா. காலியான துளையில் முதலில் அதை இறக்கி ஆழம் பார்க்கிறார்கள்: 10.8. பம்பு ஓடத் தொடங்குகிறது. 21 கிலோ போனதும் பம்பை நிறுத்தி நாடாவை மறுபடி இறக்க வேண்டும். மருந்து 3 மீட்டர் உயர்ந்திருக்க வேண்டும், நாடா 7.8-இல் நிற்க வேண்டும். நின்றால் மேலே தொடரலாம். 9.3-இல் நின்றால் பாதி மருந்தைப் பாறை விழுங்கிவிட்டது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்த வேண்டும். மேலும் பாய்ச்சி மட்டத்தை உயர்த்திவிடலாம் என்று நினைப்பதுதான் கல் பறப்பதற்கான நேர்வழி. பொந்தின் மட்டத்துக்கு மேலே வரை ஜல்லியால் மூடி, அதற்கு மேல் உள்ள கெட்டிப் பாறைக்கு மட்டும் தனியாக மருந்து வைப்பார்கள். அல்லது பாய்ச்சும் மருந்தை விட்டுவிட்டு, ஒழுகாத உறையில் வரும் தோட்டாக்களுக்கு மாறுவார்கள். அல்லது அந்தத் துளையையே கைவிடுவார்கள். ஒரு துளைக்கு மூன்று முறை நாடா இறக்கினால் நாற்பது துளைக்கு நூற்றிருபது முறை. வெயிலில் முதுகு வளைந்து செய்கிற, யாரும் பாராட்டாத வேலை. ஆனாலும் பக்கத்துச் சாலையில் போகும் மோட்டார் சைக்கிள்காரரின் தலை தப்புவது அந்த நூற்றிருபது முறையால்தான்.

பாய்ச்சிய மருந்து உடனே அடங்கிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல வகை எமல்ஷன் துளைக்குள் போன பிறகு நுண்குமிழி விட்டுப் பொங்கும். பொங்கி முடியும்வரை காத்திருந்து, மட்டத்தை மறுபடி அளந்த பிறகே ஜல்லி போட வேண்டும். அவசரப்பட்டால் 2.5 மீட்டர் அடைப்புக்கு வைத்திருந்த இடம் இரண்டாகச் சுருங்கியிருக்கும்.

நகர நடுவில் இவ்வளவும் போதாது. துளையின் விட்டத்தையும் ஆழத்தையும் மருந்தையும் குறைத்து, ஒரு முறைக்குச் சிறு பரப்பை மட்டும் உடைப்பார்கள். மேலே எஃகுத் தகடு, பழைய டயர்களைக் கோத்த பாய், மண் மூட்டை எல்லாம் போர்த்துவார்கள். போர்வை கடைசிக் காப்புதான். கீழே மருந்து மிகுந்திருந்தால் தகடும் சேர்ந்து எழும்பும்.

மழையும் இடியும்

கோலாலம்பூரும் சுற்றுப்புறமும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் இடி இல்லாத வாரம் அபூர்வம். பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கருக்கும். மின்னல் துளையைத் தொட வேண்டும் என்பதில்லை. அருகே தரையில் பாயும் மின்னோட்டமே மின் டிட்டனேட்டருக்குப் போதும். மின்சாரம் இல்லாமல் மெல்லிய குழாய் வழியாகத் தூண்டப்படும் வகைகூட நேரடி மின்னல் தாக்குதலுக்குத் தப்பாது. ஆகவே மேகம் திரண்டு இடிமுழக்கம் நெருங்கினால், மருந்து ஏற்றிய துளைகளை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் வெடி வெடிக்கப் போவதுபோலவே விலகிவிட வேண்டும். இன்னும் இரண்டு துளைதான் பாக்கி, முடித்துவிட்டுப் போகலாம் என்பவரை மேற்பார்வையாளர் கையைப் பிடித்து இழுத்தாவது கூட்டிப் போக வேண்டும்.

அப்படியானால் விடியற்காலையிலேயே வெடிக்கலாமே? காலையில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் மேலே வெதுவெதுப்பான காற்றும் அடுக்காக நிற்கும் நாட்களில், மேலே போகிற சத்தம் வளைந்து தொலைவிலுள்ள வீடுகள்மேல் இறங்கும். வெயில் ஏறி அந்த அடுக்கு கலைந்த பிறகே வெடிப்பது நல்லது. பள்ளிக்கூடம் விடும் நேரம் வேண்டாம், வெள்ளிக்கிழமை தொழுகை நேரம் வேண்டாம். இவ்வளவையும் கழித்தால் கோலாலம்பூர் வட்டாரத்தில் ஒரு நாளில் கிடைப்பது ஓரிரு மணி நேரம்தான். அதற்குள் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியில்தான் நாடா இறக்குவதை விட்டுவிடத் தோன்றும்.

மழைநீர் தேங்கிய துளையில் அம்மோனியம் நைட்ரேட் மணிகளும் எரியெண்ணெயும் கலந்த மலிவு மருந்து கரைந்து வீணாகும். நீர் தாங்குவது எமல்ஷன்தான். கெட்டுப்போன மருந்து வெடித்தால் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் புகை எழும். அது நைட்ரஜன் டையாக்சைடு. அப்போதைக்கு இருமலோடு போய்விட்டதுபோல் தெரியும். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும். அந்தப் புகையை முகர்ந்தவர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் அன்றே மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

யார் கையில் மருந்து

மலேசியாவில் வெடிமருந்தை 1957-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் ஆள்கிறது. உரிமமும் நடமாட்டமும் காவல்துறையின் கட்டுப்பாட்டில். குவாரி வெடிகளின் தொழில்நுட்பத்தைக் கனிம, புவியியல் துறையான ஜேஎம்ஜி கவனிக்கிறது. வெடி வைக்கச் சான்றிதழ் பெற்றவரான ஷாட்ஃபயரரின் பெயரில்தான் அன்றைய வெடி நடக்கும். எத்தனை கிலோ வந்தது, எத்தனை டிட்டனேட்டர் போனது, எத்தனை திரும்பியது என்று ஒவ்வொன்றுக்கும் அவர் கையெழுத்திட வேண்டும். டிட்டனேட்டரும் மருந்தும் ஒரே கிடங்கில் இருக்கக்கூடாது. கணக்கில் ஒரு டிட்டனேட்டர் குறைந்தாலும் வேலை நிற்கும், நிற்கவும் வேண்டும். 1991-இல் சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டதைக் கண்ட தலைமுறைக்கு இந்தக் கெடுபிடி மிகையாகத் தெரியாது.

பினாங்குத் தீவில் சிக்கல் வேறு மாதிரி. மலைச்சரிவு மண்ணுக்குள் கருங்கல் உருண்டைகள், சில ஒரு வீட்டளவு. சாலை வெட்டும்போது அவை வெளிப்படும். உருண்டைக்கு எல்லாப் பக்கமும் திறந்த முகப்புதான்; மருந்து கொஞ்சம் கூடினாலும் சில்லு எந்தத் திசையிலும் போகும். கீழே சரிவில் அடுக்குமாடிகள் இருக்கும் இடத்தில் ஹைட்ராலிக் பிரேக்கராலோ, துளையில் ஊற்றினால் ஒரு நாளில் விரிந்து கல்லைப் பிளக்கும் சாந்தாலோ உடைப்பதே சரி. மெதுவான வேலை, பரவாயில்லை.

கட்டட இடிப்புக்கும் இதே நியாயம்தான். கோலாலம்பூரில் பழைய கட்டடங்களைப் பெரும்பாலும் நீண்ட கை எக்ஸ்கவேட்டர்களால் மேலிருந்து கீழே கடித்துக் கொண்டுவருகிறார்கள். வெடி வைத்துச் சரிப்பது, இயந்திரம் ஏற்ற முடியாத இடத்துக்கு உரியது. சென்னை மவுலிவாக்கத்தில் 2014-இல் ஒரு அடுக்குமாடி இடிந்து 61 பேர் இறந்த பிறகு, பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2-ஆம் தேதி அப்படித்தான் இறக்கினார்கள். 2022-இல் நொய்டா இரட்டைக் கோபுரங்களுக்கு 3,700 கிலோ மருந்து போனது. விழுந்தது பத்து வினாடிக்குள், துளைபோட்டு நிரப்பிய வேலை பல மாதம். அங்கே கட்டடத்தை நசுக்கியது அதன் எடையேதான். மருந்து தூண்களை வெட்டிவிட்டதோடு சரி.

வெடித்த பிறகு

குவாரியில் பொதுவாகச் சுற்றிலும் 300 மீட்டர் தூரம்வரை ஆட்களை அகற்றுவார்கள். முகப்பு பார்க்கும் திசையில் 500 மீட்டர் வரை. ஒவ்வொரு பாதையிலும் ஒரு காவலாள் நின்று, யாரும் உள்ளே இல்லை என்று வாக்கி-டாக்கியில் தன் வாயால் சொல்ல வேண்டும். ஒருவர் பதில் சொல்லவில்லை என்றால் வெடி இல்லை. வெடித்ததும் ஆபத்து நீங்கிவிட்டது என்று சைரன் ஊதிவிடக்கூடாது. புகை விலகியபின் ஷாட்ஃபயரர் முதலில் உள்ளே போவார்.

அவர் தேடுவது வெடிக்காத துளையை. கற்குவியல் ஓர் இடத்தில் மட்டும் நகராமல் முட்டாக நிற்கிறதா? ஒரு துளையின் ஜல்லி அடைப்பு அப்படியே இருக்கிறதா? டிட்டனேட்டரின் வண்ணக் குழாய் கல்லுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கிறதா? சந்தேகம் வந்தால் எல்லோரும் மறுபடி விலகி அரைமணி நேரம் காத்திருப்பது வழக்கம். மிக ஆபத்தான தவறு, பழைய துளையின் அடிப்பகுதி பாறையில் குழியாக நிற்க, புதுத் துளைக்கு வசதியாக இருக்கிறதே என்று அதிலேயே கம்பியை இறக்குவது. உள்ளே மருந்து மிச்சம் இருந்தால் துளைக் கம்பியின் அடியே அதை வெடிக்க வைத்துவிடும்.

எவ்வளவு தேடினாலும் குவியலின் உள்ளே இருப்பது வெளியே தெரியாது. அதைக் கடைசியில் கண்டெடுக்கப் போவது எக்ஸ்கவேட்டர் ஓட்டுநரும், கல் உடைக்கும் ஆலையின் வாயில் நிற்பவரும்தான். இன்று அந்த வேலையில் வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் நிறைய. மலாயில் ஒட்டிய எச்சரிக்கைப் பலகை அவர்களில் பலருக்குப் போதாது. அந்தக் குவாரி பயன்படுத்தும் அதே நிறக் குழாயின் வெற்றுத் துண்டையும், மருந்தில்லாத மாதிரித் தோட்டாவையும் அவர்கள் கையில் கொடுத்து, அவரவர் மொழியில் சொல்ல வேண்டும்: இதைப் பார்த்தால் வாளியைத் தூக்காதே, எஞ்சினை நிறுத்து, இறங்கி விலகு, ஷாட்ஃபயரரைக் கூப்பிடு. அந்த நாளின் டன் கணக்கு குறைந்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதையும் குவாரி மேலாளர் தன் வாயால் சேர்த்துச் சொல்ல வேண்டும்.